ஸ்டிக்கர் போன பின்: மோட்டார் சைக்கிள் முன்கண்ணாடியில் எஞ்சும் பிசின்

மோட்டார் சைக்கிளின் முன்கண்ணாடி பெரும்பாலும் பாலிகார்பனேட், அக்ரிலிக் என்னும் இரண்டு பிளாஸ்டிக்குகளில் ஒன்றால் ஆனது. அதன்மேல் ஒட்டிய ஸ்டிக்கரையோ டேப்பையோ உரித்த பிறகு தங்கிவிடும் பிசினைக் கரைக்கும் திரவங்களில் பல, அடியிலிருக்கும் பிளாஸ்டிக்கையும் கெடுக்க வல்லவை. சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது. காரின் கண்ணாடியில் பெட்ரோல் நனைத்த துணி ஒரு நிமிடத்தில் முடிக்கும் வேலையை அதே துணியால் பைக்கின் முன்கண்ணாடியில் செய்தால், சில நாட்கள் கழித்து போல்ட் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் தோன்றலாம். துடைத்த அன்று எல்லாம் சரியாகவே தெரியும். அதனால் கேடு வந்தது எதனாலென்று பலருக்குப் புரிவதேயில்லை.

திருவனந்தபுரத்தில் இந்தச் சிக்கல் அடிக்கடி எழுவதற்குக் காரணங்கள் உண்டு. நகரம் ஏறத்தாழ வடக்கு 8.5 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு முடிவிலும் நண்பகல் சூரியன் அங்கே உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். புற ஊதாக் கதிர்களின் தாக்கம் ஆண்டின் பெரும்பகுதியில் கடுமையாக இருக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் பெய்கிறது. சங்குமுகம் பக்கமிருந்து வரும் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து படிய வைக்கிறது. வெயில் பிசினை உருக்குகிறது, கதிர் அதை வறட்டுகிறது, ஈரம் காகிதத்தை மட்கச் செய்கிறது. ஒட்டப்படும் பொருள்களுக்கோ குறைவில்லை: விற்பனையாளரின் முத்திரை, புதுக் கண்ணாடியோடு வரும் பாதுகாப்புப் படலம், தேர்தல் காலத்துக் கட்சிச் சின்னம், கார்த்திகை பிறந்தால் ஐயப்பன் படம், கழக்கூட்டத்து டெக்னோபார்க்கின் வாகன அனுமதிச் சீட்டு, கைபேசித் தாங்கியின் டபுள் சைடு டேப்.

எஞ்சிய பிசின் அழகை மட்டும் கெடுப்பதில்லை. அது தூசியைப் பிடித்துக் கறுக்கிறது. மழை இரவில் கழக்கூட்டம்–கோவளம் புறவழிச் சாலையில் எதிரே வரும் வண்டியின் விளக்கொளி அந்தத் திட்டில் பட்டுச் சிதறும்போது, அதற்கு அப்பால் இருப்பது எதுவும் தெரியாது. உயரமான கண்ணாடியின் ஊடாகப் பார்த்து ஓட்டுகிறவர்களுக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

பிளாஸ்டிக் எது

முதலில் தெரிய வேண்டியது கண்ணாடி எந்தப் பிளாஸ்டிக்கால் ஆனது என்பதே. அக்ரிலிக் 1933 முதல் ஜெர்மனியின் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனத்தால் பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பாலிகார்பனேட்டை 1953இல் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், அதே ஆண்டில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே உருவாக்கினார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலிருக்கும். அடர்த்தியிலும் வேறுபாடு மிகக் குறைவு. குணத்தில் மட்டும் நெடுந்தொலைவு.

அக்ரிலிக் ஒளியை 92 விழுக்காடு வரை விடும், வெயிலில் எளிதில் மஞ்சளாகாது, ஓரளவு கீறலும் தாங்கும். ஆனால் அடிபட்டால் உடையும். 105 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளகும். பாலிகார்பனேட் அடியைத் தாங்கும், வளையும், ஏறத்தாழ 147 டிகிரி வரை விறைப்பாக நிற்கும். ஆனால் மேற்பரப்பு மென்மையானது, காய்ந்த துணியே கோடு போட்டுவிடும். வெயிலும் அதை மஞ்சளாக்கும். இந்த இரண்டு குறைகளுக்காக நல்ல பாலிகார்பனேட் கண்ணாடிகளின்மேல் சில மைக்ரான் தடிமனுள்ள கடினப் பூச்சு ஏற்றப்படுகிறது. பூச்சு முழுதாக இருக்கும்வரை அது பிளாஸ்டிக்குக்குக் கவசம். வெட்டிய விளிம்புகளிலும், பிறகு துளையிட்ட இடங்களிலும், கீறல்களிலும் அந்தக் கவசம் கிடையாது.

எது எதுவென்று அறிய வண்டியின் கையேட்டைப் பார்க்கலாம். பல கண்ணாடிகளின் கீழ் மூலையில் கூர் அடைப்புக்குறிகளுக்குள் பொருளின் சுருக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். பி, சி என இரண்டு ரோமன் எழுத்துகள் இருந்தால் பாலிகார்பனேட். பி, எம், எம், ஏ என நான்கு இருந்தால் அக்ரிலிக். குறியே இல்லாத மலிவான மாற்றுக் கண்ணாடியை, இரண்டில் எது அதிகம் கெடுமோ அதுவாகவே கருதிக் கையாள்வது நல்லது. துளையிட்டபோது சுருள் சுருளாக நீண்ட இழை வந்திருந்தால் பாலிகார்பனேட், தூளும் சில்லுமாக உதிர்ந்திருந்தால் அக்ரிலிக் என்பது பட்டறைக்காரர்கள் அறிந்த அடையாளம். அதற்காக யாரும் புதிதாகத் துளையிட வேண்டியதில்லை.

பிசின் எது

ஸ்டிக்கரிலும் டேப்பிலும் இருப்பது அழுத்தினாலே ஒட்டும் வகைப் பிசின். அது உலர்வதோ இறுகுவதோ இல்லை. எப்போதும் பாதி திரவம், பாதி திடமாக இருந்து, மேற்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களில் வழிந்து பரவிப் பிடித்துக்கொள்கிறது. அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ரிச்சர்ட் ட்ரூ 1925இல் மாஸ்கிங் டேப்பையும் 1930இல் ஒளி ஊடுருவும் டேப்பையும் உருவாக்கினார். பின்னதன் பிசினுக்கு அடிப்படையாக இருந்தது ரப்பரும் மரப்பிசினும். ரப்பர் வகைப் பிசின் இன்றும் மாஸ்கிங் டேப் போன்றவற்றில் இருக்கிறது. வினைல் ஸ்டிக்கர், கைபேசித் தாங்கியின் நுரை டேப், பெரும்பாலான காகித லேபிள் ஆகியவற்றில் இருப்பது அக்ரிலிக் வகைப் பிசின். கண்ணாடியின் அக்ரிலிக்கும் இந்த அக்ரிலிக்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கண்ணாடியில் இருப்பது விறைத்தது, பிசினில் இருப்பது குழைந்தது. இந்த உறவுதான் பின்னால் தொல்லையாகிறது.

இரண்டு வகையும் வயதாவது வெவ்வேறு விதம். வெயில் பட்ட ரப்பர் பிசின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து முதலில் குழகுழவென்று இளகும், பிறகு மஞ்சளாகி வறண்டு ஓடுபோல் பொருக்காகும். அக்ரிலிக் பிசின் வெயிலை நெடுநாள் தாங்கும். ஆனால் மாதங்கள் செல்லச் செல்லப் பிடி ஏறிக்கொண்டே போகும். வினைல் ஸ்டிக்கரில் இன்னொன்றும் நடக்கிறது. வினைலை வளையச் செய்வதற்காகச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் மெல்லக் கசிந்து பிசினுக்குள் இறங்குகிறது. மேலே வினைல் நொறுங்கும், கீழே பிசின் கூழாகும். பழைய ஸ்டிக்கர் துண்டு துண்டாகக் கிழிந்து வருவதும், பசை முழுதும் கண்ணாடியிலேயே நின்றுவிடுவதும் இதனால்தான். ஒட்டிய ஒரு மாதத்துக்குள் உரித்தால் பெரும்பாலும் தடமில்லாமல் வருவது, இரண்டு கோடைக்குப் பிறகு அரை நாள் வேலையாகிவிடுகிறது. புதுக் கண்ணாடியின் பாதுகாப்புப் படலத்தை அழகுக்காக அப்படியே விட்டுவைப்பவர்கள் இதை முக்கியமாக நினைவில் கொள்ள வேண்டும்.

சுவரொட்டிக்குப் பூசும் மைதாப் பசை, வெள்ளைப் பசை போன்றவை இந்தக் கணக்கில் வராதவை. வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ ஒட்டிவிட்டுப் போன துண்டறிக்கை பெரும்பாலும் மைதாப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். நீரில் ஊறவைத்தால் போய்விடும், வேறெதுவும் வேண்டாம்.

எது எதைக் கரைக்கும்

ஒரு திரவம் ஒரு பொருளைக் கரைக்குமா என்பதை முன்கூட்டி மதிப்பிட வேதியியலில் கரைதிறன் அளபுரு என்றொரு எண் உண்டு. இரண்டு பொருள்களின் எண்களும் நெருங்கி இருந்தால் அவை ஒன்றையொன்று ஏற்கும், விலகி இருந்தால் ஏற்காது. வழக்கமான அலகில் ஹெக்சேனின் எண் ஏறத்தாழ 15. இயற்கை ரப்பர் 16 முதல் 17 வரை. டொலுயீன் 18. அக்ரிலிக் கண்ணாடி 19. பாலிகார்பனேட்டும் அசிட்டோனும் 20ஐ ஒட்டி இருக்கின்றன.

இந்தச் சிறிய வரிசையைக் கூர்ந்து பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோனின் எண் பாலிகார்பனேட்டின் எண்ணோடு அப்படியே பொருந்துகிறது. அசிட்டோன் பட்ட பாலிகார்பனேட் வெளுத்து மங்குவது அதனாலேயே. டொலுயீன் கலந்த பெயின்ட் தின்னர் இரண்டு பிளாஸ்டிக்குக்கும் ஆபத்து. ஹெக்சேன், மண்ணெண்ணெய், லிக்விட் பாரஃபின் போன்றவை ரப்பருக்கு அருகிலும் பிளாஸ்டிக்குக்குத் தொலைவிலும் இருக்கின்றன. ரப்பர் பிசின் அவற்றில் ஊதும், கண்ணாடி அசையாது. அக்ரிலிக் பிசினின் எண் 18ஐ ஒட்டி, அதாவது கண்ணாடிக்கு மிக அருகில் வருகிறது. அதைக் கரைக்கக்கூடிய எதுவும் கண்ணாடியையும் தொட்டுப் பார்க்கும். இந்த வகைப் பிசினுக்கு ‘ஒரே துடைப்பில் போகும்’ மருந்து பாதுகாப்பாக எதுவும் இல்லை. வெப்பம், பொறுமை, விரல் ஆகியவைதான் அங்கே கருவிகள்.

எண் விலகியிருப்பது மட்டுமே போதுமான காவல் அல்ல. கரைக்காத திரவமும் உடைக்கலாம். வார்ப்பின்போதோ வளைக்கும்போதோ கண்ணாடிக்குள் உறைந்துபோன இழுவிசை எப்போதும் கொஞ்சம் இருக்கும். போல்ட்டை இறுக்குவதால் துளையைச் சுற்றி மேலும் கூடும். இழுபட்ட நிலையிலுள்ள இந்தப் பிளாஸ்டிக்குக்குள் சில திரவங்கள் நுழைந்து மூலக்கூறுச் சங்கிலிகளின் பிடியைத் தளர்த்திவிடுகின்றன. சங்கிலிகள் விலக, வெள்ளிக் கம்பிபோல் மின்னும் நுண்விரிசல்கள் துளையிலிருந்து விரிகின்றன. இழுவிசை இல்லாத இடத்தில் ஒன்றும் செய்யாத அதே திரவம் துளையருகே விரிசலிடும். அக்ரிலிக்கில் எத்தனால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டும் இப்படிச் செய்யக்கூடியவை. ஆகவே பிசின் போல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டோ கண்ணாடியைக் கழற்றி வைத்தோ வேலை செய்வதே முறை. பெரும்பாலான வண்டிகளில் நான்கைந்து போல்ட்டுகளைக் கழற்றும் வேலைதான் இது. பலரும் இதைத் தவிர்த்துவிடுவதே பெரும்பாலான சேதத்துக்குக் காரணம்.

தொடக் கூடாதவை

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவின் பெயின்ட் கடைகளிலும் ஹார்டுவேர் கடைகளிலும் எளிதில் கிடைக்கும் திரவங்களில் தின்னர், அசிட்டோன், ரப்பர் பசையை நீர்க்கச் செய்யும் திரவம் ஆகியவற்றை இந்த வேலைக்கு வாங்கவே கூடாது. பெட்ரோலும் அப்படித்தான். அதில் டொலுயீன் குடும்பத்துப் பொருள்கள் முன்பே இருந்தன, இப்போது 20 விழுக்காடு வரை எத்தனாலும் கலந்து வருகிறது. வண்டியின் தொட்டியிலேயே இருப்பதால் துணியை நனைக்கக் கை நீளும். சூடான எஞ்சினுக்கும் புகைக்குழாய்க்கும் ஓரடி தூரத்தில் பெட்ரோல் துணியோடு நிற்பதில் உள்ள தீ ஆபத்தைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

பிரேக் கிளீனர், பிரேக் ஆயில் இரண்டும் ஆகாது. வீட்டுக் கண்ணாடி துடைக்கும் நீலத் திரவங்களில் அம்மோனியா இருந்தால் அவையும் விலக்கு. அம்மோனியா பாலிகார்பனேட்டின் சங்கிலியையே அறுக்கிறது. துணி துவைக்கும் சோப்புத்தூள் காரத்தன்மையும் மணல்தன்மையும் உடையது. தலைவலிக்குத் தடவும் நீலகிரித் தைலம் புட்டிகளின் லேபிளை அருமையாக எடுக்கும். ஆனால் அதன் சினியோல் பல பிளாஸ்டிக்குகளைத் தாக்கும் கரைப்பான். கண்ணாடிப் புட்டிக்கு அது சரி, வண்டிக்கு வேண்டாம். ஆரஞ்சுத் தோல் எண்ணெயால் ஆன பிசின் நீக்கிகளும் இதே வகை. டப்பாவில் பாலிகார்பனேட்டுக்கும் அக்ரிலிக்குக்கும் பாதுகாப்பானது என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டும் அவற்றைப் பயன்படுத்தலாம்.

பிளேடு, பச்சை நிறத் தேய்ப்பு நார், இரும்புக் கம்பிப் பந்து, பல்பொடி ஆகியவை கரைக்காமலே கெடுப்பவை. கறையை மாயமாக எடுக்கும் என்று விற்கப்படும் வெள்ளை மெலமைன் பஞ்சும் உண்மையில் மிக நுண்ணிய உப்புத்தாளே. கடினப் பூச்சை அது மங்கவைக்கும்.

செய்யும் வரிசை

நிழலில், எஞ்சினும் கண்ணாடியும் ஆறிய பிறகு, காலை வேளையில் தொடங்குவது நல்லது. வெயிலில் திரவம் ஊறுவதற்கு முன் உலர்ந்துபோகும், சூடேறிய பிளாஸ்டிக் எதையும் கூடுதலாக உறிஞ்சும். முதலில் நிறைய நீர் ஊற்றி மண்ணையும் உப்பையும் கழுவிவிட வேண்டும். செம்மண் துகளும் உப்புப் படிகமும் துணிக்கடியில் சிக்கினால், பிசினை எடுக்கும் முன்பே கண்ணாடி முழுதும் வட்டக் கீறல் விழுந்துவிடும். பிறகு ஒரு வாளி நீரில் சில சொட்டு ஷாம்பூவோ பாத்திரம் கழுவும் திரவமோ கலந்து, மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் கழுவி, நல்ல நீரில் அலச வேண்டும்.

அடுத்தது வெதுவெதுப்பு. கை பொறுக்கும் சூட்டில், அதாவது 40 முதல் 50 டிகிரி நீரில் நனைத்த துணியைப் பிசின்மேல் போர்த்திப் பத்து, பதினைந்து நிமிடம் வைக்கலாம், ஆறினால் மாற்றலாம். காகித லேபிளின் மிச்சம் பெரும்பாலும் இதிலேயே கிளம்பும். முடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில், ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காட்டலாம். காட்டிய இடத்தில் கையை வைத்தால் சுடக் கூடாது, அதுவே அளவு. பெயின்ட் உரிக்கும் ஹீட் கன் நூற்றுக்கணக்கான டிகிரி வெப்பம் கக்கும். அக்ரிலிக்கை நெளியவைக்க அதற்குச் சில நொடி போதும்.

ஸ்டிக்கரின் தாள் இன்னும் மிச்சமிருந்தால், சூடேற்றிய மூலையை நகத்தால் கிளப்பி, மேல்நோக்கி இழுக்காமல் ஸ்டிக்கரின் மேலேயே மடக்கி, கண்ணாடியை ஒட்டியவாறு இழுக்க வேண்டும். பிசின் நூல் நூலாக நீண்டால் சூடு அதிகம் என்று பொருள். சற்று ஆறவிட்டு இழுத்தால் பசையும் தாளோடு வரும். தாள் நொறுங்கினால் சூடு போதவில்லை.

எஞ்சிய பிசினைக் கட்டைவிரலால் ஒரே திசையில் உருட்டினால் சிறு உருண்டைகளாகத் திரண்டு வரும். நன்றாக ஒட்டும் ஒரு டேப்பை அதன்மேல் அழுத்தித் திரும்பத் திரும்ப வெடுக்கென்று எடுத்தாலும் பிசின் தன் இனத்தோடு போய்ச் சேரும். திரவம் எதுவுமே வேண்டாத இந்த இரண்டு வழிகளையும் அலுக்கும்வரை செய்து பார்க்காமல் அடுத்ததற்குப் போவது அவசரம். முன்கண்ணாடிக்கு முழுப் பாதுகாப்பானவை இவைதான்.

அதற்குப் பிறகே எண்ணெய். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினோ, நிறமும் வாசனையும் சேர்க்காத பேபி ஆயிலோ முதல் தேர்வு. இவை மேலே சொன்ன ஹெக்சேனின் இனம், இரண்டு பிளாஸ்டிக்கோடும் பகை இல்லாதவை. பஞ்சில் நனைத்துப் பிசின்மேல் மட்டும் பதித்து இருபது நிமிடம் விட்டால் ரப்பர் பிசின் ஊதி இளகும், பிறகு துணியால் வழித்தெடுக்கலாம். எந்தத் திரவமானாலும் முதலில் கண்ணாடியின் கீழ் விளிம்பில், துளைகளிலிருந்து விலகி, ஒரு சொட்டு வைத்துப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பார்க்க வேண்டும். மங்கலோ விரல் ஒட்டும் தன்மையோ இருந்தால் அது அந்தக் கண்ணாடிக்கு ஆகாது. இந்தச் சோதனையில் தேறிய திரவத்தையும் மணிக்கணக்கில் ஊறவிடக் கூடாது. விரிசல் தாமதமாகவே வரும் என்பதால் பத்து நிமிடச் சோதனை எல்லாவற்றையும் காட்டிவிடாது.

தேங்காய் எண்ணெய் பற்றி

கேரளத்தில் யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்லும் மருந்து தேங்காய் எண்ணெய். கையருகே இருக்கிறது, விலை தெரியும், நஞ்சில்லை. ரப்பர் பிசினை அது நன்றாகவே இளக்கும். இருந்தாலும் பாலிகார்பனேட்டைப் பொறுத்தவரை அது முழுக்க நிரபராதி என்று சொல்வதற்கில்லை. மருத்துவமனைகளில் கொழுப்புச் சத்துக் கரைசலைச் சிரை வழியே செலுத்தும்போது, பாலிகார்பனேட்டால் ஆன சிறு இணைப்புக் குழாய்களும் திருகு வால்வுகளும் விரிசலிடுவது நெடுநாளாக அறியப்பட்ட ஒன்று. இறுக்கித் திருகிய நிலையில் கொழுப்பு பட்டால் பாலிகார்பனேட் பிளவுபடுகிறது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். சங்கிலி குட்டையான இத்தகைய கொழுப்புகள் பிளாஸ்டிக்குக்குள் எளிதில் நுழையக்கூடியவை.

அதற்காக அதைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை, எல்லை வகுத்தால் போதும். கண்ணாடியின் நடுப்பகுதியில், துளைகளிலிருந்து விலகி, கால் மணி நேரத்துக்கு மேல் விடாமல், பிறகு சோப்பு நீரால் இரண்டு முறை கழுவிப் பயன்படுத்தலாம். இரவு தடவி விடிந்ததும் துடைக்கலாம் என்ற பரவலான யோசனையைத்தான் கைவிட வேண்டும். லிக்விட் பாரஃபின் புட்டியின் விலை, மாற்றுக் கண்ணாடியின் விலைக்கு முன் ஒன்றுமேயில்லை.

வலுவான கரைப்பான்கள், எல்லையோடு

எண்ணெய்க்கும் அசையாத ரப்பர் பிசினுக்கு மண்ணெண்ணெயோ, துரு நீக்க விற்கும் டபிள்யூ.டி.40 போன்ற மெல்லிய பெட்ரோலிய எண்ணெய்த் தெளிப்போ அடுத்த படி. அக்ரிலிக் தகடு தயாரிப்பவர்கள் தார், கிரீஸ் கறைக்கு மண்ணெண்ணெயையும் ஹெக்சேனையும் நெடுங்காலமாக அனுமதித்து வந்திருக்கிறார்கள். அவர்களே பெட்ரோலையும் பென்சீனையும் தின்னரையும் தடை செய்கிறார்கள். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் மணத்தில் உறவுபோலத் தெரிந்தாலும் பிளாஸ்டிக்கின் கண்ணில் அவை ஒன்றல்ல. மண்ணெண்ணெயிலும் டொலுயீன் இனப் பொருள்கள் கொஞ்சம் இருக்கும் என்பதால் துணியில் நனைத்துத் துடைத்து உடனே கழுவிவிட வேண்டும். தெளிப்பானாக இருந்தால் நேராகக் கண்ணாடிமேல் அடிக்காமல் துணியில் அடித்துக்கொள்ள வேண்டும். பிரேக் டிஸ்க்கின் மேல் ஒரு துளி எண்ணெய் பட்டாலும் அடுத்த வளைவில் பிரேக் பிடிக்காமல் போகலாம்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அக்ரிலிக் பிசினை ஓரளவு தளர்த்தும். பாலிகார்பனேட் தகடு தயாரிப்பவர்கள் அதை அனுமதிக்கிறார்கள், உடனே சோப்பு நீரால் கழுவ வேண்டும் என்ற நிபந்தனையோடு. அக்ரிலிக் கண்ணாடிக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது. 2020க்குப் பிறகு பல வீடுகளிலும் இருக்கும் கை சானிடைசரில் 70 விழுக்காட்டுக்கு மேலும் ஆல்கஹால் இருக்கலாம், கூடவே கிளிசரினும். பாலிகார்பனேட் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒரு துணியில் சில சொட்டு விட்டுத் துடைக்கலாம், ஊறவைக்க அல்ல.

நுரை டேப்

கைபேசித் தாங்கியோடும் கேமரா அடித்தட்டோடும் வரும் தடித்த நுரை டேப் தனி வழக்கு. அதை நெம்பி எடுக்க முயன்றால் கண்ணாடியே பிளக்கும். சூடேற்றி, நைலான் இழையை நுரையின் நடுவே நுழைத்து, இரு முனையையும் பிடித்து ரம்பம்போல் இழுத்து அறுக்க வேண்டும். விழிஞ்ஞம் கடற்கரைக் கடைகளில் விற்கும் தூண்டில் நரம்பு இதற்குப் பொருத்தமானது. பல் இடுக்குச் சுத்தம் செய்யும் இழையும் சிறு துண்டுக்குப் போதும். தாங்கி கழன்ற பின் கண்ணாடியில் நிற்கும் நுரையை மீண்டும் இளஞ்சூடாக்கி, ஒரு மூலையைப் பிடித்துக் கண்ணாடிக்கு இணையாக மெல்ல இழுத்தால் அது ரப்பர் பட்டைபோல் நீண்டு கழலும். மிச்சத்தைக் கட்டைவிரலால் உருட்ட வேண்டும். இந்தப் பிசினை எண்ணெய் கரைப்பதில்லை. ஓரத்தில் புகுந்து பிடியைக் கொஞ்சம் தளர்த்தும், அவ்வளவே. ஒரு மணி நேரம் ஆகலாம். கை வலித்தால் மறுநாள் தொடரலாம், தின்னரைத் தேடிப் போகக் கூடாது. நகத்தால் முடியாத இடத்தில் பழைய ஏடிஎம் அட்டையைச் சாய்வாகப் பிடித்து, சோப்பு நீர் விட்டுக்கொண்டே தள்ளலாம்.

உடனே பிடிக்கும் சயனோஅக்ரிலேட் பசையும், இரண்டு கூட்டுக் கலந்து பூசும் எப்பாக்ஸியும் கண்ணாடிமேல் காய்ந்துவிட்டால் எடுப்பதற்குப் பாதுகாப்பான வழி இல்லை. முன்னதைக் கரைக்கும் அசிட்டோன் கண்ணாடியையும் கரைக்கும். பின்னதை எதுவும் கரைக்காது. ஓரத்தில் இருக்கும் சிறு துளியை அப்படியே விட்டுவிடுவது எவ்வளவோ மேல்.

எடுத்த பிறகு

பிசின் போனதும் எண்ணெய்த் தடம் முழுதும் போகும்வரை சோப்பு நீரால் கழுவி, அலசி, ஒற்றியெடுத்து உலர்த்த வேண்டும். எண்ணெய் மிச்சமிருந்தால் மழையில் கண்ணாடி முழுதும் படலமாகப் பரவும். எண்ணெய், மண்ணெண்ணெய்த் துணிகளை அடுப்புக்கும் எஞ்சினுக்கும் எட்டாமல் திறந்த வெளியில் உலர்த்திய பிறகே குப்பையில் போட வேண்டும். சாக்கடையில் ஊற்றுவது நகரின் பார்வதி புத்தனாறு கால்வாய் போன்ற நீர்நிலைகளுக்குத்தான் போய்ச் சேரும்.

சில சமயம் பிசின் எல்லாம் போன பிறகும் ஸ்டிக்கரின் வடிவம் நிழல்போல் தெரியும். பெரும்பாலும் அது பிசின் அல்ல. ஸ்டிக்கர் மறைத்த இடம் வெயில் படாமல் தெளிவாக இருக்க, சுற்றியுள்ள பகுதி மஞ்சளாகியிருக்கிறது. விரலால் தடவினால் ஒட்டாது, எல்லையில் மேடும் தட்டுப்படாது. இதைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியை நாசமாக்குபவர்கள் பலர். எதைத் தடவினாலும் அது போகாது, நாளடைவில் வெயிலே சமன்செய்ய வேண்டும்.

மெல்லிய கீறலும் மங்கலும் விழுந்திருந்தால், பூச்சில்லாத அக்ரிலிக்கைப் பிளாஸ்டிக் பாலிஷ் கொண்டு மெருகேற்றி ஓரளவு மீட்கலாம். கடினப் பூச்சுள்ள பாலிகார்பனேட்டில் அது பலிக்காது. பூச்சு ஓரிடத்தில் தேய்ந்தால் மங்கல் கூடுமே தவிரக் குறையாது. துளையைச் சுற்றி நுண்விரிசல் தோன்றிவிட்டால் எந்தப் பிளாஸ்டிக்கானாலும் கண்ணாடியை மாற்றுவதே வழி. வேகத்தில் காற்றழுத்தம் ஏறும்போது விரிசல் நீளும், உடைந்த துண்டு பறப்பது முகத்தை நோக்கித்தான்.

ஹெல்மெட்டின் முகமூடியும் பாலிகார்பனேட்டே. மேலே சொன்ன எல்லாம் அதற்கும் பொருந்தும், கூடுதலாக ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஹெல்மெட்டின் உள்ளே அடியை வாங்கிக்கொள்ளும் அடுக்கு தெர்மோகோல், அதாவது நுரைத்த பாலிஸ்டைரீன். பெட்ரோல், தின்னர், ஆரஞ்சு எண்ணெய் ஆகியவற்றில் அது கண்முன்னே கரைந்து குழிவிழும். மேலோடு பளபளப்பாகவே இருக்க, உள்ளே காக்கும் பொருள் இல்லாமல் போகும். முகமூடியில் ஒட்டிய எந்தப் பிசினை எடுப்பதானாலும் அதைக் கழற்றித் தனியே வைத்துச் செய்ய வேண்டும். ஓட்டின்மேல் இருக்கும் ஸ்டிக்கருக்கு வெதுவெதுப்பான சோப்பு நீரைத் தாண்டிப் போகக் கூடாது.